வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல்: பொறுத்துப் பார்ப்பதா, மெடிக்கலா, டாக்டரா, ஆஸ்பத்திரியா?

“அம்மாவுக்கு 68 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. நேத்து ராத்திரியிலேருந்து காய்ச்சல், தொண்டை வலி. கொரோனா டெஸ்ட் எடுக்கணுமா? இல்லை, இப்பல்லாம் அது வெறும் சளிதானே, விட்டுடலாமா?”

இந்தக் கேள்வி வாசகர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஊரும் பெயரும் மாறும், கேள்வி மாறாது. கேட்பவர் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார். காய்ச்சலில் படுத்திருப்பவர் ஊரில் தனியாக இருப்பார். ‘கொரோனாவா, அது எப்பவோ முடிஞ்சு போச்சே’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ‘புது வகை பரவுகிறது’ என்கிறது டிவி. எதை நம்புவது என்று யோசிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடுகிறது.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. 72 வயது அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள். அவருக்கு இருபது வருடமாகச் சுகர், இதயத்தில் ஒரு ஸ்டென்ட். அவருக்காகப் படித்தது, டாக்டர்களிடம் கேட்டது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம்தான் இதில் இருக்கின்றன. மாத்திரையின் அளவை இங்கிருந்து எடுக்காதீர்கள். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதற்கு மட்டும் இது உதவட்டும்.

## வைரஸ் மாறுகிறது, சரி. என்ன மாறுகிறது?

கோவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. முடிந்தது அவசரநிலைதான், வைரஸ் அல்ல. 2021 கடைசியில் வந்த ஓமிக்ரானின் வாரிசுகள் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. 2023 டிசம்பரில் கேரளாவில் ஜேஎன்.1 என்ற வகை தென்பட்டது. 2025 மே, ஜூன் மாதங்களில் எல்எஃப்.7, என்பி.1.8.1 என்ற பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. அந்த ஜூனில் நாடு முழுக்கச் சிகிச்சையில் இருந்தவர்கள் 7,000 பேரைத் தாண்டினார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானதோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்தான். ஆனால் அன்று டெஸ்ட் எடுத்த அளவுக்கு இன்று யாரும் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வைரஸில் அதிகம் மாறுவது அதன் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். நம் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) அந்த முள்ளை அடையாளம் வைத்துத்தான் வைரஸைப் பிடிக்கின்றன. முள்ளின் உருவம் மாறினால் பிடி நழுவும். மூன்று ஊசி போட்டவருக்கும் மறுபடி வருவது இதனால்தான். 2021 மே மாதம் இந்தியாவில் ‘ஆன்டிபாடி காக்டெய்ல்’ என்று ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது நினைவிருக்கலாம். ஒருவருக்கான டோஸ் 59,750 ரூபாய். அது முள்ளைக் குறிவைத்த மருந்து. ஓமிக்ரானிடம் அது எடுபடவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதை ஒதுக்கி வைத்தது.

ஆனால் செல்லுக்குள் புகுந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் இயந்திரம் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. நிர்மாட்ரெல்விர், ரெம்டெசிவிர் ஆகிய மருந்துகள் தாக்குவது அந்த இயந்திரத்தை. அதனால்தான் ஓமிக்ரானின் வாரிசுகளிடமும் அவை பயன்பட்டு வருகின்றன. இன்னொன்றும் உண்டு. லேப் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ், நெகட்டிவ்’ என்றுதான் வரும், எந்த வகை என்று வராது. அதைப் பிரித்துப் பார்ப்பது அரசின் மரபணுப் பரிசோதனைக் கூடங்களின் வேலை. ஆக, டிவியில் வரும் பெயரைக் கேட்டு நீங்கள் எடுக்கும் முடிவு மாற வேண்டியதில்லை. யாருக்கு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மாற வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை.

ஆள் யார்? 60 வயதுக்கு மேல், சுகர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நுரையீரல் நோய், புற்றுநோய் சிகிச்சை, மாற்று உறுப்பு, கர்ப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை ‘கவனம் தேவைப்படும் ஆள்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். 30 வயது ஆரோக்கியமான பிள்ளைக்கும் அவருக்கும் ஒரே அளவுகோல் சரிப்படாது.

இன்று எத்தனையாவது நாள்? இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வைரஸுக்கு எதிரான மாத்திரையை முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். மூன்று நாள் ரெம்டெசிவிர் டிரிப்ஸுக்கு 7 நாள். காய்ச்சலோ தொண்டை வலியோ தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும், டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து அல்ல.

ஆபத்தின் அறிகுறி இருக்கிறதா? ஆக்சிஜன் அளவு 93 அல்லது அதற்குக் கீழே, நிமிடத்துக்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு, நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், தண்ணீர்கூட உள்ளே இறங்காத நிலை. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது. சாப்பாட்டை ஒதுக்குவார்கள், தள்ளாடி விழுவார்கள், நாள் கிழமை குழம்புவார்கள்.

தவறினால் என்ன போகும்? சில தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். தேவையில்லாமல் டாக்டரைப் பார்த்தால் போவது நூற்றுக்கணக்கில் ரூபாய். தேவைப்படும்போது பார்க்காமல் விட்டால் போகும் நாள் திரும்ப வராது.

உங்கள் ஊரில் எது எட்டும்? கோயம்புத்தூரில் கிடைப்பது கூடலூரில் கிடைக்காது. கிடைக்காததை நம்பித் திட்டம் போடக் கூடாது.

## வருமுன்: மாஸ்க், ஊசி, காற்று

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இது தலை உடைத்துக்கொள்ளும் தேர்வு இல்லை, மூன்றும் ஒன்றோடொன்று சேர்வதுதான்.

மாஸ்க்கில் துணி, மூன்றடுக்கு சர்ஜிக்கல், என்95 என மூன்று வகை. வித்தியாசம் துணியின் தடிமனில் மட்டும் இல்லை, ஓரத்தில் இடைவெளி விடுகிறதா என்பதில்தான் அதிகம். போட்டுக்கொண்டு மூச்சை ஊதிப் பாருங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது என்று அர்த்தம். மூச்சு விட வால்வு வைத்த என்95 அணிபவரைக் காக்கும், எதிரில் இருப்பவரைக் காக்காது. நோயாளி போடக் கூடாத மாஸ்க் அது. எல்லா நேரமும் எல்லோரும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரிசை, கூட்டமான பஸ், ஏசி கல்யாண மண்டபம், வீட்டில் ஒருவர் இருமும் நாட்கள் ஆகிய நான்கில் பெரியவர் நல்ல மாஸ்க் போட்டால் பெரும்பங்கு வேலை முடிந்தது.

தடுப்பூசி கொஞ்சம் சிக்கலானது. நம்மில் பெரும்பாலானோர் கடைசியாகப் போட்டது 2021 அல்லது 2022இல், கோவிஷீல்டோ கோவாக்சினோ. கடுமையான நோயிலிருந்து அது தந்த காப்பு, தொற்றிலிருந்து தந்த காப்பைவிட நீண்ட நாள் நிற்கிறது. ஆனால் வருடங்கள் ஆக ஆக அதுவும் இறங்கும். மிக அதிக ஆபத்தில் இருக்கும் முதியவர்களும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மறுதவணை போடுவதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆதரிக்கிறது. ஓமிக்ரானுக்கென்று புனேயில் உருவான ஜெம்கோவேக்-ஓஎம் 2023 ஜூனில் இங்கே அவசர அனுமதி பெற்றது. கையெட்டும் தூரத்தில் ஊசி இருப்பு இருக்கிறதா என்பதுதான் நடைமுறைச் சிக்கல். அரசு மருத்துவமனையிலும் பெரிய தனியார் மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அதோடு நிறுத்தாமல் ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் பற்றிக் கேளுங்கள். அப்பாவுக்கு அந்த இரண்டையும் போட்டோம். நுரையீரலைப் பாதிக்கும் நோய்களில் இரண்டுக்காவது காப்பு கிடைத்தது.

காற்றுக்குச் செலவே இல்லை. நோயாளியின் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஏசியை நிறுத்திவிட்டுச் சீலிங் ஃபேன் போடுங்கள். பனி பட்டுவிடும் என்று எல்லாவற்றையும் சாத்திவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு அது நல்லதில்லை.

## வந்தபின்: நான்கு கதவுகள்

| வழி | கையிலிருந்து போவது | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது | பாராசிட்டமால், கஞ்சி, வெந்நீர் | மருந்து தொடங்கும் நாட்கள் கழிகின்றன | வேறு நோயில்லாத இளையவர் |
| டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை வாங்குவது | மிகக் குறைவு | ஸ்டீராய்டு, தேவையற்ற ஆன்டிபயாடிக், ஏறும் சுகர் | யாருக்கும் இல்லை |
| முதல் இரண்டு நாளுக்குள் டெஸ்ட்டும் டாக்டரும் | வீட்டு டெஸ்ட் கிட் அல்லது லேப் செலவு, டாக்டர் ஃபீஸ். அரசு நிலையத்தில் இலவசம் | அலைச்சல், காத்திருப்பு | 60ஐத் தாண்டியவர், நாட்பட்ட நோய் உள்ளவர் |
| நேராகப் பெரிய ஆஸ்பத்திரி | தனியாரில் அதிகம் | காத்திருப்புக் கூடத்தில் வேறு தொற்று, தேவையற்ற ஸ்கேன் | ஆபத்து அறிகுறி உள்ளவர் |

### பொறுத்துப் பார்ப்பது

இதைத் தப்பான வழி என்று ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். 35 வயதில், சுகர் பிரஷர் ஒன்றும் இல்லாதவருக்கு ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகி, உடம்பும் தேறும்வரை தனியாக இருந்து, அடுத்த ஐந்து நாள் மாஸ்க் போட்டுக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் நல்லது செய்தவர் ஆவார்.

பெரியவர் விஷயத்தில் இது கொஞ்சம் ஏமாற்றும். முதல் மூன்று நாள் ‘பரவாயில்லை, தேறிட்டு வருது’ என்றே தோன்றும். கோவிட் கடுமையாகும்போது பெரும்பாலும் முதல் வாரம் கழிந்த பிறகுதான் மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போது ஓடினால் வைரஸுக்கான மாத்திரை கொடுக்கும் நாள் கடந்திருக்கும். பைசா செலவில்லாத வழி என்று தோன்றும் இதில்தான் மாத்திரையின் ஐந்து நாளும் வீணாகப் போகிறது.

வீட்டிலேயே வைத்திருக்க முடிவு செய்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டாயம். அதை ஒழுங்காகப் பார்க்கவும் தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, குளிர்ந்திருந்தால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயமும் அடர்ந்த மருதாணியும் இல்லாத விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பார்க்க வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம் வீட்டில் 94 என்று காட்டினால் ‘93க்கு மேலேதானே’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். அப்பாவுக்கு அது 97. அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கபசுரக் குடிநீர் பற்றிக் கேட்கிறார்கள். வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் குடிப்பது பலருக்கு இதமாக இருக்கிறது, குடிக்கட்டும். ஆனால் அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

### மெடிக்கல் ‘செட்’

இந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் அதிகம் பேர் தட்டுவது இதைத்தான்.

2022 ஜனவரி, ஓமிக்ரான் அலை. அப்பாவுக்குக் காய்ச்சல். நான் வெளியூரில் இருந்தேன். அவரே நடந்துபோய்த் தெருமுனை மெடிக்கலில் ‘காய்ச்சல், சளி, உடம்பு வலி’ என்று சொல்லி மூன்று நாளுக்குச் செட் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். மூன்றாம் நாள் நான் வீட்டுக்குப் போனபோது அவர் தெம்பாகத்தான் இருந்தார். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 386.

பழுப்பு நிறக் காகிதக் கவரைக் கவிழ்த்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள். ஒன்று பாராசிட்டமால், தெரிந்தது. ஒன்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஒன்று சளி மாத்திரை. நான்காவது, சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. ஃபாயிலின் பின்பக்கத்தைச் செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெயரின் முன்பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ‘மெத்தசோன்’ என்ற வால் மட்டும் மிஞ்சியிருந்தது. ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்றும் காட்டியது. முதல் வாரத்தில் உடம்பு வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும்போது அந்தப் போராட்டத்தையே அடக்கிவிடும் மருந்து அது. காய்ச்சல் இறங்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். உள்ளே சுகர் ஏறிக்கொண்டே போகும். 2021இல் கருப்புப் பூஞ்சைக்குக் கண்ணையும் தாடையையும் இழந்தவர்களில் பலர் சுகர் நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் என்பதை நாம் அதற்குள் மறந்துவிடக் கூடாது.

அசித்ரோமைசினும் அப்படித்தான். கோவிடுக்கு அது உதவவில்லை என்று பெரிய ஆய்வுகள் முடித்துச் சொல்லிவிட்டன. பூச்சி மாத்திரையான ஐவர்மெக்டினும் அதே கதை. நான்காம் நாள் டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி ‘என்ன மாத்திரை கொடுத்தீங்க?’ என்பதுதான். பதில் சொல்ல எங்களிடம் பாதிப் பெயர்தான் இருந்தது.

கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். நமக்கு உதவத்தான் கொடுக்கிறார். ஆனால் அவருக்கு அப்பாவின் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) தெரியாது, ஸ்டென்ட் தெரியாது. இதற்குச் ‘சரியான சூழ்நிலை’ என்று ஒன்றை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாராசிட்டமாலும் கிட்டும் வாங்கக் கடைக்குப் போங்கள், முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

### டெஸ்ட்டும் டாக்டரும், முதல் இரண்டு நாளுக்குள்

கவனம் தேவைப்படும் ஆளுக்கு என் தேர்வு இதுதான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் போதும். யாரும் எட்டவில்லை என்றால் 104க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர்க் காய்ச்சல் எல்லாமே கோவிட் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அதற்கு முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 டெஸ்ட் எடுக்க வேண்டும், தட்டணுக்களைக் கவனிக்க வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் போடக் கூடாது, ரத்தக் கசிவு கூடும். அதற்காக ஸ்டென்ட் வைத்தவர் தினமும் போடும் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது, டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். ஃப்ளூவாக இருந்தால் ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். மூன்றும் காய்ச்சல், உடம்பு வலி என்று ஒரே மாதிரிதான் தொடங்கும். வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது.

சுகர் உள்ளவர் டாக்டரிடம் இதையும் கேட்க வேண்டும்: சரியாகச் சாப்பிட முடியாத நாட்களில் எந்தச் சுகர் மாத்திரையை நிறுத்தி வைப்பது? டாபாகிளிஃப்ளோசின் போன்ற சிலவற்றை அந்த நாட்களில் நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலினை மட்டும் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

### நேராகப் பெரிய ஆஸ்பத்திரி

ஆபத்து அறிகுறி ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் 108. சுகர் 300ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், வாந்தி நிற்காவிட்டால், அதுவும் இதில் சேர்த்தி. ஆக்சிஜன் படுக்கை வசதி உள்ள மாவட்ட அரசு மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நல்ல தேர்வுகள்தான். 2021இல் ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்த இடங்கள் அவை.

அறிகுறி இல்லாதபோது ‘எதுக்கும் ஒரு நாள் அட்மிட் பண்ணிடலாமே’ என்று போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லேசான நோய்க்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் தேவையில்லை. அங்கே ஒரு நிழல் தெரிந்துவிட்டால் ஆக்சிஜன் 97 இருந்தாலும் பயம் தொற்றிக்கொள்ளும், அதற்குப் பின்னால் ஸ்டீராய்டும் வரும். காத்திருப்புக் கூடத்தில் இருமுபவர்கள் நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்வதையும் கணக்கில் சேருங்கள்.

## கிட்டா, லேபா?

வீட்டில் எடுக்கும் ரேபிட் கிட் 2021இல் கோவிசெல்ஃப் என்ற பெயரில் 250 ரூபாய்க்கு அறிமுகமானது. கால் மணி நேரத்தில் முடிவு. பாசிட்டிவ் என்று காட்டினால் நம்பலாம், மறு டெஸ்ட் தேவையில்லை. நெகட்டிவ் காட்டினால்தான் சங்கடம். முதல் நாளில் வைரஸ் குறைவாக இருக்கும்போது கிட் தவறவிடும். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஆக இரண்டு கிட் வாங்க வேண்டும், காலாவதி தேதியும் பார்க்க வேண்டும்.

லேபில் எடுக்கும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் கொஞ்சம் வைரஸ் இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் ரிப்போர்ட் வர ஒரு நாள் ஆகலாம். சின்ன ஊர் என்றால் மாதிரி போய்ச் சேரவே இன்னொரு நாள். குணமான பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும் என்பதால் ‘நெகட்டிவ் வரட்டும்’ என்று மறுபடி மறுபடி எடுப்பது வீண்.

என் கணக்கு இப்படி: இளையவருக்குக் கிட் போதும். பெரியவருக்கு முதல் நாளே கிட், பாசிட்டிவ் என்றால் அன்றே டாக்டர். நெகட்டிவ் என்றால் இரண்டாவது கிட்டுக்காக 48 மணி நேரம் காத்திருக்காமல் ஆர்டி-பிசிஆருக்கு மாதிரி கொடுத்துவிட வேண்டும். மாத்திரை தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது இரண்டு நாளைக் காத்திருப்பில் கழிப்பது கட்டுபடியாகாது.

## மாத்திரையா, மூன்று நாள் டிரிப்ஸா?

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் பிள்ளைகள் போனில் ‘பாக்ஸ்லோவிட் கேளுங்க’ என்கிறார்கள். அதில் இருப்பது நிர்மாட்ரெல்விரும் ரிடோனாவிரும், ஐந்து நாள் மாத்திரை. ஊசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் செய்த முதல் ஆய்வில் ஆஸ்பத்திரி சேர்க்கையையும் இறப்பையும் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தடுத்தது. ஊசி போட்டவர்களைச் சேர்த்துச் செய்த பின்னாள் ஆய்வில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, எல்லோருக்குமான மாத்திரை இல்லை இது. இந்தியாவிலும் இதன் ஜெனரிக், அதாவது இதே மருந்தை வேறு நிறுவனம் வேறு பெயரில் தயாரிப்பது, உண்டு. ஹெட்டிரோ நிறுவனத்தின் நிர்மாகாம் 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தர அங்கீகாரம் பெற்றது. உங்கள் ஊர்க் கடையில் இருக்காது, டாக்டர் வழியாக வரவழைக்க வேண்டியிருக்கும்.

ரிடோனாவிர்தான் இதில் சிக்கலான ஆள். மற்ற மருந்துகளை உடம்பு கரைக்கும் வேகத்தை அது மாற்றிவிடும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. அடோர்வாஸ்டாட்டினை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பிரஷருக்கான அம்லோடிபினின் வீரியம் கூடும். ஸ்டென்ட் வைத்தவர் போடும் குளோபிடோக்ரெல்லின் பலன் குறையும். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இது ஆகாது. சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள், இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும்.

மோல்னுபிராவிர் இன்னொரு மாத்திரை. இங்கே 2021 டிசம்பரில் அனுமதி பெற்றது. பலன் குறைவு, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. ஊசி போட்டவர்களிடம் பிரிட்டனில் செய்த பெரிய ஆய்வில் ஆஸ்பத்திரி சேர்க்கையை அது குறைக்கவில்லை. வேறு எதுவும் முடியாதபோது டாக்டர் யோசிக்கும் கடைசி மாத்திரை.

ரெம்டெசிவிர் என்றால் 2021 கோடையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிய விடிய நின்ற வரிசை நினைவுக்கு வரும். அன்று மூச்சுத் திணறும் நிலையில் இருந்தவர்களுக்காக அதைத் தேடி அலைந்தார்கள். அது அதிகம் உதவும் இடம் அதற்கு முன்னால், முதல் ஏழு நாளுக்குள், இன்னும் ஆக்சிஜன் தேவைப்படாதபோது, மூன்று நாள் மட்டும் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. மற்ற மாத்திரைகளோடு மோதல் குறைவு. தினமும் போய் நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் சிரமம். காப்பீடு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அட்மிட் ஆகாமல் ஏற்றிக்கொண்டால் பல பாலிசிகள் பணம் தராது.

2025 ஜூனில் அப்பாவுக்கு மறுபடி வந்தது. முதல் நாள் கிட் நெகட்டிவ், அன்று மாலையே கொடுத்த ஆர்டி-பிசிஆர் மறுநாள் பாசிட்டிவ். டாக்டர் அவருடைய மாத்திரை லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, குளோபிடோக்ரெல்லும் அடோர்வாஸ்டாட்டினும் இருப்பதால் மாத்திரை வேண்டாம், டிரிப்ஸ் போதும் என்றார். மூன்று காலை, ஒவ்வொரு முறையும் ஏற்ற ஒரு மணி நேரம், ஏற்றிய பின் கவனிக்க ஒரு மணி நேரம். ஆட்டோவில் இருவரும் மாஸ்க்கோடு போய் வந்தோம். ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கவில்லை. சுகர் ஒரு நாள் 240 போய்த் திரும்பியது. எட்டாம் நாள் அவரே காபி போட்டுக் குடித்தார்.

டாக்டர் அந்த முடிவை எடுக்க எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம்கூட இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் நாங்கள் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரித்துக் கொண்டுபோய் நீட்டினேன், அவ்வளவுதான். அதில் இருப்பவை: தினசரி மாத்திரைகளின் முழுப் பெயரும் அளவும், கடைசி கிரியாட்டினின், ஸ்டென்ட் வைத்த ஆண்டு, ஊசி போட்ட தேதிகள், உடம்பு நன்றாக இருக்கும்போது ஆக்சிஜன் 97, டாக்டரின் நம்பர், 104, 108. இப்போது புதுக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. அப்பா அதன் கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்து, எதிரில் இடம் விட்டு வைத்திருக்கிறார்: ‘காய்ச்சல் தொடங்கிய தேதி, நேரம்’.